நூற்று நாற்பத்து நான்கு ஆணிகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பெப்ரவரி மாதச் சனிக்கிழமை காலை. ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் காரில் போனால் வருகிற காட்டுப் பனிப்பாதை ஒன்றில், என் கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்நோமொபைல் என்கிற பனி வண்டி ஓட்டினேன். அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் முதலில் சிரிப்பு வரும், பிறகு வெட்கம் வரும்.

நான் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பதினெட்டு வருடமாக எந்தப் பனிக்கும் பயந்து ஒரு நாள் லீவு போட்டதில்லை, பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதைக் காண்கிற ஆட்களிடமெல்லாம் சொல்லிவிடுவேன் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். என் கணவர் எனக்கு நேரெதிர். எதை வாங்கினாலும் அதோடு வருகிற புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டுத்தான் தொடுவார். சோறு அவிக்கிற குக்கருக்கும் அப்படித்தான்.

பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்பு, வேலை என்று வீட்டை விட்டுப் போன பிறகு அவர் ஒடுங்கிப் போனார். பிக்கரிங்கில் வீடு, மிசிசாகாவில் வேலை. பனிக்குள் போய் வருவதே பெரும்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நவம்பர் பிறந்தால் வேலை, வீடு, சோபா, அவ்வளவுதான். ஜன்னல் திரையைத் திறக்கவும் விடமாட்டார். பனியைக் கண்டாலே குளிருகிறதாம். சாப்பாட்டு மேசையில் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்குத் திருநாள். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது. மனுசன் இப்படியே இருந்து இருந்து நோயாளி ஆகிவிடுவாரோ என்று.

அந்த நேரம்தான் என்னோடு பஸ் ஓட்டுகிற வெள்ளைக்காரத் தோழி ஒருத்தி என்னைக் கூட்டிப்போய் ஸ்நோமொபைல் ஓட விட்டாள். பைத்தியம் பிடித்துவிட்டது எனக்கு. இரண்டு பேர் இருந்து ஓடக்கூடிய பழைய மெஷின் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கணவரோடு இரண்டு கிழமை வாக்குவாதம். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரே ஒரு தடவை என் பின்னால் ஏறி வருவார். பிடிக்காவிட்டால் மெஷினை விற்றுவிட வேண்டும், நானும் அவரை வெளியே இழுக்கிற பேச்சை விட்டுவிட வேண்டும். "ஒருக்காத்தான்" என்று விரலை வேறு தூக்கிக் காட்டினார்.

மெஷினுக்கு முன்னால் சறுக்குகிற இரண்டு ஸ்கீக் கட்டைகள், பின்னால் அடியில் சுற்றுகிற ரப்பர் பட்டி. அந்தப் பட்டி தேய்ந்து போயிருந்தது. புதிதாகப் போட வேண்டும். அதில் இரண்டு வழி இருந்தது. சின்ன ஆணிகளை ரப்பரிலேயே பதித்து வருகிற பட்டி ஒன்று, பூட்டிவிட்டு ஓடலாம். மற்றது வெறும் பட்டி. அதில் நாங்களே துளை போட்டு, நீளமான ஆணிகளைச் செருகி, நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். உறைந்த ஏரிகளுக்கு மேலால் பறக்கிறவர்களுக்குத்தான் நீள ஆணி வேண்டும், பாதையில் ஓடுகிற உனக்குப் பதித்து வருவதே தாராளம் என்றாள் தோழி. கணவரும் கடையில் தந்த விளக்கத்தாளை வாசித்துவிட்டு அதையே சொன்னார்.

நான் கேட்கிற ஆளா?

"பயந்த மனுசனை ஏத்திக்கொண்டு போறன். பிடி இறுக்கமா இருக்க வேண்டாமோ?" என்றேன். சின்ன ஆணியைவிடப் பெரிய ஆணி நல்லது, கொஞ்சத்தைவிட நிறைய நல்லது. என் அறிவு அந்த மட்டில்தான் இருந்தது. நூற்று நாற்பத்து நான்கு ஆணிகளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரக் கடைசிகள் கராஜுக்குள் கிடந்தேன். நான் துளை போட, அவர் குளிருக்கு இரண்டு தொப்பி போட்டுக்கொண்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்து, ஒவ்வொரு நட்டாக எடுத்துத் தந்தார். மறு கையில் அந்த விளக்கத்தாள். இரண்டாம் நாள் மெதுவாகச் சொன்னார்.

"இஞ்சாரும், பின்னுக்கு ஆணி பூட்டினால் முன்னுக்கு ஸ்கீக்குக் கீழ இருக்கிற ரன்னர் கம்பியையும் மாத்தவேணும் எண்டு இதில போட்டிருக்கு. கடைக்காரனும் சொன்னவன்."

"உதெல்லாம் இன்னொரு சாமானை எங்கட தலையில கட்டுறதுக்குச் சொல்லுறது. நீங்கள் நட்டைத் தாங்கோ."

அவர் நட்டைத் தந்தார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எந்த வாகனம் வாங்கினாலும் தேசிக்காய் நசிக்காமல் ஓடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஸ்நோமொபைலுக்குச் சில்லு இல்லை என்பதற்காக விட முடியுமா? நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் கொளுத்தி, முன்னால் இரண்டு ஸ்கீக்கும் ஒவ்வொரு தேசிக்காய், பின்பட்டிக்கு ஒன்று வைத்து மெஷினை நகர்த்தினேன். ஸ்கீக்கு வைத்த இரண்டும் வழுக்கி இரண்டு பக்கமும் உருண்டு போயின. பட்டிக்கு வைத்ததை ஓர் ஆணி அப்படியே குத்தித் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, பின்னால் கும்பிட்டுக்கொண்டு நின்ற என் கணவரின் காற்சட்டையில் எறிந்தது. வாசல் தாரில் கோடு கோடாகக் கீறல். எதிர்வீட்டுக்காரர் பனி தள்ளுவதை நிறுத்திவிட்டு வாய் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கணவர் காற்சட்டையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. தோழியும் அவளுடைய கணவரும் முன்னால் ஒரு மெஷினில், நாங்கள் பின்னால். முதல் பத்து நிமிடம் என் கணவர் பக்கப் பிடிகளை இறுக்கிப் பிடித்தபடி மூச்சுக் காட்டவில்லை. பிறகு வெயில் வந்தது. இரண்டு பக்கமும் பனி சுமந்து நின்ற மரங்கள் வெயிலில் மினுமினுத்தன. என் தோளில் ஒரு தட்டு.

"வடிவா இருக்கப்பா!" என்று கத்தினார்.

பனியைப் பார்த்து அந்த மனுசன் வாயால் வடிவு என்று ஒரு சொல்! எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் புளுகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வேகத்தைக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து ஓர் இறக்கம், அதன் முடிவில் இடப்பக்கம் வளைவு. பல மெஷின்கள் ஓடி ஓடி அந்த இடம் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. கைபிடியைத் திருப்பினேன். திரும்பவில்லை. முழுவதாகத் திருப்பினேன். ஸ்கீ இரண்டும் இடப்பக்கம் பார்க்கின்றன, மெஷின் நேராகவே போகிறது! பஸ்ஸில் அத்தனை வருடம் காணாத பயத்தை அந்த இரண்டு வினாடியில் கண்டேன். வேகத்தைக் குறைத்தேன், பிரேக்கைப் பிடித்தேன், "முருகா!" என்று கத்தினேன். பாதை ஓரத்துப் பனி வரம்பை உடைத்துக்கொண்டு கீழே இறங்கி, பூப்போல இருந்த ஆழமான பனிக்குள் புதைந்து நின்றது மெஷின். முன்னால் ஒரு பெரிய பைன் மரம். கையை நீட்டினால் தொடலாம்.

திரும்பிப் பார்க்கிறேன், பின் இருக்கையில் ஆளைக் காணவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது பனிக்குள்ளிருந்து அவருடைய குரல் வந்தது.

"இஞ்சாரும், இதுதானோ என்ர பஸ் ஸ்ரொப்?"

"ஐயோ, பகிடியை விடுங்கோ! எங்கயும் அடிபட்டதோ? கையைக் காலை ஆட்டிப் பாருங்கோ!"

"எல்லாம் ஆடுது. ஒரு சப்பாத்தைத்தான் காணேல்லை."

இடுப்பளவு பனிக்குள் இருந்துகொண்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் பிசகியிருந்தால் அந்த மரத்தில் முதலில் மோதியிருப்பது நான், அடுத்தது அவர். ஒருக்காத்தான் வருவேன் என்ற மனுசனை நான் கொண்டுவந்து சேர்த்த இடம் இது.

தோழியும் அவள் கணவரும் திரும்பி வந்தார்கள். நாலு பேருமாகப் பனியைத் தோண்டி, கயிறு கட்டி இழுத்து மெஷினைப் பாதையில் ஏற்றினோம். தோழி ஒரு ஸ்கீயைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தாள். பனியைப் பிடித்து மெஷினைத் திருப்ப வேண்டிய ரன்னர் கம்பி மொழுமொழுவென்று தேய்ந்து கிடந்தது. பின்னால் அத்தனை ஆணியும் பனியைக் கடித்துத் தள்ளுகின்றன, முன்னால் பிடிக்க ஒன்றுமே இல்லை, பிறகு எப்படித் திரும்பும் என்று கேட்டாள். ரன்னரை மாற்றச் சொல்லி ஒருவருமே உங்களுக்குச் சொல்லவில்லையா என்றும் கேட்டாள்.

நான் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.

ஒரு காலில் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் தலையை நிமிர்த்தி, அது தன்னுடைய பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னார். தாளில் போட்டிருந்ததாம், தான்தான் வாசித்தாராம், மனைவிக்குச் சொல்ல மறந்துபோனாராம். தோழி அவருக்கு விரலை ஆட்டி ஆட்டிப் புத்திமதி சொன்னாள். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பனிக்குள்ளேயே திரும்பப் புதைந்துவிடலாம் போல இருந்தது.

வளைவுக்கு வளைவு ஊர்ந்து ஊர்ந்து, வழியில் இருந்த ஓய்வுக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தோம். விறகடுப்புக்குப் பக்கத்தில் இருந்து சூப் குடித்தோம். தோழியும் அவள் கணவரும் மெஷினுக்கு எண்ணெய் அடிக்க வெளியே போன நேரம் கேட்டேன்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"திங்கக்கிழமை நீரெல்லோ அவவோட வேலைக்குப் போகவேணும். எனக்கென்ன?"

"அது சரி. ரன்னர் மாத்தாட்டி ஆபத்து எண்டு உங்களுக்குத் தெரியும். பிறகேன் ஏறினனீங்கள்?"

அவர் சூப் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் ஏறாட்டி நீர் தனியப் போயிருப்பீர்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்காமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். மெஷினை வித்துப்போடுவம், இனிமேல் உங்களைக் கரைச்சல் படுத்தமாட்டன் என்றேன்.

"ஏன் விக்கிறது?" என்றார் அவர். "ரன்னரை மாத்திப்போட்டு அடுத்த கிழமை வருவம். நீர் ஓடின ஓட்டத்தில அந்த மரங்களை நான் வடிவாப் பார்க்கேல்லை."

அடுத்த கிழமையும் போனோம். ரன்னர் மாற்றிய பிறகு மெஷின் சொன்ன பேச்சுக் கேட்டது, நானும் கொஞ்சம் கேட்கப் பழகினேன். போன வருடம் பட்டி மாற்ற வேண்டி வந்தபோது, ஆணி பதித்தே வருகிற பட்டியை அவர் தெரிவு செய்தார், நான் வாய் திறக்காமல் பூட்டினேன். இப்போது நவம்பர் பிறந்தால் எப்போது பனி கொட்டும் என்று ஜன்னல் திரையை விலக்கி விலக்கிப் பார்க்கிறவர் அவர்தான்.

எனக்குப் பயமே கிடையாது என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவள் நான். ஆனால் ஆபத்து என்று தெரிந்தும், பயத்தோடு, ஒரு வார்த்தை பேசாமல் என் பின்னால் ஏறி இருந்த அந்த மனுசனுக்கு இருந்த தைரியத்தில் பாதிகூட எனக்கு இல்லை என்பதை, ஒவ்வொரு முறை அவர் என் தோளில் தட்டும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.