வாசம் வருதுங்களா?

என் மனைவிக்கு வாசனை போனது கொரோனாவின் இரண்டாம் அலையில். காய்ச்சல் ஆறு நாள் இருந்தது. ஏழாம் நாள் எழுந்து காபி போட்டாள், ஒரு வாய் குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள். "சுடுதண்ணி மாதிரி இருக்குதுங்க" என்றாள். எனக்கும் அதே காய்ச்சல்தான். எனக்கு மூன்று வாரத்தில் மூக்கு திரும்பியது. அவளுக்குத் திரும்பவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் கிராம்பையும் எலுமிச்சையையும் தினம் இரண்டு வேளை முகர்ந்து பழகச் சொன்னார். ஐந்து மாதம் பழகினாள். பிறகு அந்தக் கிராம்பைக் குருமாவில் போட்டுவிட்டாள்.

அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் துணிகளில் ஓட்டை, கறை, தையல் பிசகு பார்த்துப் பிரிக்கும் வேலை. அதற்குக் கண் போதும். ஆனாலும் அவள் மூக்குக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. ஈரம் காயாமல் மடித்த துணியை, அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள். அதற்காகவே சூப்பர்வைசர் அவளைப் பேக்கிங் பக்கம் கூப்பிடுவார். அது நின்றுபோனதற்கு அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வருத்தம் வெள்ளிக்கிழமைகளில்தான் வந்தது.

எங்கள் வீட்டுப் பூஜை அறை நான்கடிக்கு மூன்றடி. ஒருவர் நிற்கலாம். வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், தேங்காய்த் தொட்டிக் கரியைத் தூபக்காலில் கனிய வைத்து, அதன் மேல் சாம்பிராணித் தூளைத் தூவுவாள். மந்திரம் கிடையாது, பாட்டு கிடையாது. புகை எழும்பும் வரை நிற்பாள், வீடு முழுக்கக் காட்டுவாள், முடிந்தது. கல்யாணமான புதிதில் என்ன வேண்டிக்கொள்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கு வேண்டறதுக்கெல்லாம் வார்த்தை வராதுங்க. வாசம் வந்துச்சுன்னா சாமி வந்திருச்சுன்னு நின்னுக்குவேன். அவ்வளவுதானுங்க."

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பத்திரிகையில் செய்தி திருத்துவது என் வேலை. ஆனால் அந்தப் பதிலில் திருத்த எனக்கு எதுவும் இருக்கவில்லை.

காய்ச்சல் விட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி தூபம் போட்ட முதல் வெள்ளிக்கிழமை, தூபக்காலோடு அவள் பூஜை அறையிலிருந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு முன்னால் புகை திரண்டு எழுந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கரண்டு போன ஊட்டுல சுவிட்சத் தட்டற மாதிரி இருக்குதுங்க" என்றாள். பிறகு கேட்டாள். "ஏனுங்க, உங்களுக்கு வாசம் வருதுங்களா?"

அன்று நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன். பக்கத்தில் போய் நின்று, மூச்சை இழுத்து, வந்ததைச் சொன்னேன். முதலில் கரி. அடுத்து எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல ஒன்று. புகை தணியும்போது பாலில் சர்க்கரை கரைந்தது போல ஓர் இனிப்பு. சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமாங்க, அந்தக் கடைசி இனிப்பு, அதுதானுங்க" என்றாள். அவள் முகம் இளகியதைப் பார்த்தேன்.

அதன்பின் எல்லா வெள்ளிக்கிழமையும் கேட்டாள். நானும் சொன்னேன். ஒரு வாரம் கரி நமுத்திருந்தது, சொன்னேன். மாற்றினாள். ஒரு வாரம் மழை, புகை தரையோடு படிந்தது, வாசனை மண்ணோடு சேர்ந்து வந்தது, அதையும் சொன்னேன். இருபத்தைந்து ஆண்டு இல்லறத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக நின்று பேசிக்கொண்ட காலம் வேறு இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு நானே மூக்கு. நான் சொன்னால்தான் அவளுக்குச் சாமி வந்ததாக அர்த்தம். அந்தப் பொறுப்பின் எடையை நான் அப்போது உணர்ந்திருந்தேன் என்றே நினைக்கிறேன்.

பிறகு அது சுருங்கியது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. இடம் போதாதபோது செய்தியின் கடைசிப் பத்தியை முதலில் வெட்டுவோம், அப்புறம் அதற்கு முந்தின பத்தியை. அப்படித்தான் நடந்தது. இனிப்பு போயிற்று, எலுமிச்சை போயிற்று. "நல்லா வருது" என்று ஆயிற்று. இதற்கிடையில் அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்க்கத் தொடங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் இணைப்புப் பக்கங்களை முடித்தனுப்ப வேண்டும். பூஜை அறையிலிருந்து "வாசம் வருதுங்களா?" என்று குரல் வரும். ஹாலில் கணினியின் முன்னால் உட்கார்ந்தபடி, தலையைத் தூக்காமல், "வருது" என்பேன்.

போன ஆண்டு நிருபர் விடுப்பில் இருந்ததால், விசைத்தறிக் கூலிப் பேச்சுவார்த்தை ஒன்றுக்காக நானே பல்லடம் போனேன். திரும்பும்போது கட்டிச் சாம்பிராணி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். மூக்கு இருந்த காலத்தில் அவள் கடையிலேயே ஒரு துண்டை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். நான் பஸ் கிளம்பும் அவசரத்தில் கால் கிலோ கட்டச் சொல்லி, பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அதைத்தான் இடித்துப் போட்டாள். எனக்கு ஏதோ எரிந்த நாற்றம் வந்தது. வந்தது என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். என் மூக்கில் ஒரு குறையும் இல்லை. எங்கள் தெருக்கோடியில் பனியன் வேஸ்ட் வியாபாரி ஒருவர் காலியிடத்தில் துணிக்கழிவைக் குவித்து வைத்திருக்கிறார். இந்த ஊரில் எரிந்த நாற்றம் வந்தால் யாரோ கட்டிங் வேஸ்ட்டுக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். "வாசம் வருதுங்களா?" என்று கேட்டாள். "வருது" என்றேன்.

மூன்றாம் வாரமும் அதே நாற்றம். பொறுக்காமல் அது பற்றி ஒரு சின்னச் செய்தி எழுதி அனுப்பினேன். குடியிருப்புப் பகுதியில் துணிக்கழிவு எரிப்பு, பொதுமக்கள் அவதி. நான்கு வரி. அச்சில் வந்தது. மாநகராட்சியிலிருந்து ஆள் வந்து அந்த வியாபாரியை எச்சரித்துவிட்டுப் போனதாகத் தெருவில் சொன்னார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பக்கத்துப் போர்ஷனில் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. கிறிஸ்தவர்கள். அந்தப் பெண் வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாள். நான்காவது வெள்ளிக்கிழமை காலை அவள் பின்வாசலில் வந்து என் மனைவியிடம் பேசியது எனக்கு அப்போது கேட்கவில்லை. பின்னால் மனைவிதான் சொன்னாள்.

"எக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியளே?"

"கேளு கண்ணு."

"வெள்ளிக்கெழம ஆனா என்னத்தப் போட்டு எரிக்கிய? ரப்பர் செருப்ப எரிச்ச மாதிரி வீச்சம் அடிக்கு. காயப்போட்ட துணியெல்லாம் நாறுது."

"சாம்பிராணி கண்ணு."

"இதா? எங்க மாதா கோயில்ல பூசைக்குப் போடுவாங்கல்லா, மணம் தலைக்குள்ள போயி நிக்கும். இது சாம்பிராணின்னா எங்க வீட்டுக்காரர் சாக்ஸும் சாம்பிராணிதான்."

எனக்கு நேரடியாகத் தெரிந்தது இதற்கு அடுத்த நிமிடம் நடந்ததுதான். நான் ஹாலில் ஒரு தலைப்புக்கு எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல், வழக்கம்போலத்தான் கேட்டது.

"ஏனுங்க, வாசம் வருதுங்களா?"

"வருது. நல்லா வருது."

குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்டதே என்று திரும்பினேன். தூபக்கால் என் நாற்காலிக்கு ஓர் அடி தூரத்தில் அவள் கையில் இருந்தது. புகை என் சட்டைமேல் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பான, எண்ணெய்ப் பிசுக்கான புகை. அவளுக்குப் பின்னால் அந்தப் பெண் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும், "நான் வாரேங்க்கா, அடுப்புல சோறு கெடக்கு" என்று நழுவிவிட்டாள்.

"எனக்குச் சளி" என்றேன்.

"சளின்னு சொல்லியிருக்கலாமுங்களே."

"தெருக்கோடியில வேஸ்ட்டு எரிக்கறாங்கன்னு நெனச்சேன்."

"அதையாவது சொல்லியிருக்கலாமுங்களே. எரியற வாடைதான் வருது, வேற ஒண்ணும் வர்லீன்னு." சத்தம் போடவில்லை. செக்கிங் மேஜையில் துணியைத் திருப்பிப் பார்ப்பவளின் குரலில்தான் பேசினாள். "நாலு வாரமுங்க. வந்திருச்சுன்னு நெனச்சு நான் பாட்டுக்கு நின்னுட்டிருந்தேன்."

ஒரு செய்தி என்றால் நீயே பார்த்தாயா, யாராவது சொன்னார்களா என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவளும் ஒவ்வொரு வாரமும் அதையேதான் கேட்டாள். நான் பார்க்காமல் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், நான்கு முறை. அதற்கு முன்னால் எத்தனை முறை என்று எனக்கே தெரியாது. அந்த வாரங்களில் சாம்பிராணி நல்லதாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. பூஜை அறைப் படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, பனியன் வேஸ்ட்டை நனைத்துக் கண்ணாடிகளைத் துடைத்தாள். துணி பழுப்பாக வந்தது. நான் உதவிக்குப் போனபோது, "இருக்கட்டுங்க, உங்களுக்கு வேலை கெடக்கும்" என்றாள். மீதி சாம்பிராணியை அவளே குப்பையில் போட்டாள். வியாபாரி பற்றிய செய்திக்கு நான் திருத்தம் எழுதவில்லை. அந்த வழியாக நடந்து போவதை மட்டும் நிறுத்தினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜை அறையிலிருந்து குரல் வரவில்லை. பின்வாசலுக்குப் போய்ப் பக்கத்துப் போர்ஷனைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கண்ணு, ஒரு நிமிசம் வந்து மோந்து சொல்லு." அந்தப் பெண் டிபன் பாக்ஸும் கையுமாக ஓடி வந்தாள். வாசற்படியில் நின்று, கழுத்தை நீட்டி முகர்ந்தாள். "மணக்குக்கா. கரி இன்னும் கொஞ்சம் எரியணும். ஊதுங்க. ஆங், இப்ப வருது பாருங்க." என்னைக் கடந்து போகும்போது, "அண்ணே, இனிமே பேப்பர்ல நாத்தம்னு போடுறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. புகையைக் காட்டிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனாள்.

சாம்பிராணி வாங்கவும் இருவரும் சேர்ந்தே போக ஆரம்பித்தார்கள். மற்றபடி வீட்டில் எதுவும் மாறவில்லை. சாப்பாடு, பேச்சு, கம்பெனிக் கதைகள் எல்லாம் இருந்தன. அந்த ஒரு கேள்வி மட்டும் என்னிடம் வருவதில்லை.

சென்ற மாதம் அந்தப் பெண் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை நான் முந்தின நாளே பக்கங்களை முடித்துவிட்டு, குளித்து, பூஜை அறை வாசலில் வந்து நின்றேன். கரி கனிந்தது. தூளைத் தூவினாள். கரிக்குப் பின்னால் எலுமிச்சைத் தோல் வந்தது. அதன் பின்னால் அந்த இனிப்பும் வந்தது. அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"வருது" என்றேன். "கடைசியில அந்த இனிப்பும் நல்லா வருது."

"செரிங்க" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நெருப்பு."

செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் பெண் ஊரிலிருந்து அல்வாவோடு வந்தாள். ஊர்க்கதை முடிந்ததும் என் மனைவி எழுந்து உள்ளே போய், சாம்பிராணி டப்பாவை எடுத்து வந்து அவள் முன் திறந்தாள்.

"வெள்ளிக்கெழமை இதத்தான் போட்டேன். மோந்து சொல்லு கண்ணு."

அவள் ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறி, மூக்கில் வைத்து, இரண்டு முறை இழுத்தாள்.

"நல்ல சாம்பிராணிதாங்க்கா."

"அப்ப வெள்ளிக்கெழமை செரியாத்தான் இருந்திருக்குது" என்றாள் என் மனைவி. முகம் இளகியது. நான் மூன்றடி தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.