ஆச்சா அக்கா

சலவை இயந்திரத்தின் மூடியில் காதை வைத்து, “ஆச்சா?” என்கிறார் அக்கா. பதிலுக்கு நிற்பதில்லை. குளியலறைக் கதவைத் தட்டி மகளிடம் ஒரு “ஆச்சா?”, சட்டைக்கு இஸ்திரி போடும் கணவரிடம் இன்னொன்று. அதற்குள் அடுப்பையும் அணைத்தாயிற்று. அந்த வீட்டில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. யாரும் எங்கேயும் தாமதமாகப் போனதும் இல்லை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஆச்சா அக்காதான். மருத்துவமனைகளில் ஸ்கேன் படங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை சி என்ற கணினி மொழியில் எழுதுகிறவர். சாதாரண நிரல், படங்கள் சேமித்திருக்கும் டிஸ்க்கிடம் ஒரு கோப்பைக் கேட்டுவிட்டு, அது வரும்வரை கைகட்டி நிற்கும். அக்காவின் நிரல் ஒரு கூடைக் கோப்புகளை ஒரே மூச்சில் கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். நடுநடுவே போய், எது வந்தது என்று எட்டிப் பார்க்கும்.

“வந்தா டிஸ்க்கே சொல்லுமேக்கா?” என்று யாராவது கேட்டால் போச்சு.

“அது என் தோளைத் தட்டி, நான் திரும்பி, என்னன்னு கேக்கறதுக்குள்ள நானே பார்த்துட்டு வந்துடுவேன்!”

வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் படங்கள் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும் அழகில் சொக்கிப்போகாதவர் அந்த மாடியில் இல்லை.

புதிய பதிப்பு மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாளில், சோதனையில் ஒரு படம் வந்தது. மேல்பாதி ஒருவருடைய மண்டை, கீழ்ப்பாதி வேறொருவருடையது. அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்து தேடிப் பிடித்தார். வரச் சுணங்கிய கோப்பு ஒன்றை, இனி வேண்டாம் என்று நிரல் கைவிட்டிருக்கிறது. அதற்கு ஒதுக்கிய நினைவக இடத்தை அடுத்த படத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. டிஸ்க்குக்கு அது எப்படித் தெரியும்? ஆற அமர வந்து, பழைய படத்தை அதே இடத்தில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது.

“யாரு எழுதினது இதை?” என்றார் மேலாளர்.

“நான்தான் சார். ஊரையெல்லாம் ஆச்சான்னு கேக்கறவ, இந்த ஒரு எடத்துல டிஸ்க்கைக் கேக்காம விட்டுட்டேன்.”

“ஆயிரத்துல ஒண்ணுதானே? இன்னிக்கு அனுப்பிடுவோம். அடுத்த வாரம் திருத்திக்கலாம். ஆஸ்பத்திரில காத்துக்கிட்டு இருக்காங்க.”

“அந்த ஒண்ணை நம்பி டாக்டர் கத்தி வெச்சுட்டா?”

மேலாளர் வாதாடவில்லை. “நகருங்க, நானே அனுப்பிக்கறேன்” என்று மவுஸுக்குக் கை நீட்டினார்.

அக்கா நகரவில்லை. மேசைக்கடியில் குனிந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கினார். அதை வளையல்போல மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, திருத்த உட்கார்ந்தார்.