கேட்காமல் எடுத்த அருவி

சுடலைமுத்து அண்ணாச்சி இறந்துபோன செய்தி நம் குழுவில் வந்தபோது, ஆலங்குளத்தில் யாரோ கட்டப்போகும் வீட்டின் முகப்பைக் கணினியில் வரைந்துகொண்டிருந்தேன். அதுதான் என் தொழில். காலையில் கடையைத் திறக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. செய்திக்குக் கீழே கைகூப்பிய படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒருவர் ‘தென்காசி தந்த மேதை’ என்று எழுதினார். இன்னொருவர், ‘அடுத்தவர் உழைப்பை மதித்தவர்’ என்று எழுதினார். அதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் துட்டி வீட்டுக்குப் போய் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வாசலில் முருகேசன் என்னை நிறுத்தினார். இப்போது குழுவை நடத்துகிறவர் அவர்தான். “அக்கா, அண்ணாச்சிகூட ரொம்ப நாள் சேந்து வேலை பாத்தது நீங்கதான். நாலு வரி எழுதித் தாங்க, குழுவுல போடுவோம்” என்றார். எழுதியிருக்கிறேன். நாலு வரியில் அடங்கவில்லை. நீங்கள் எழுதியவற்றோடு இது சேரவும் சேராது.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். செல்போனில் பஸ் ஓட்டும் விளையாட்டு எங்கோ வெளிநாட்டில் செய்தது. அதற்குள் நம் ஊர்ப் பஸ்ஸையும் சாலையையும் நாமே செய்து சேர்ப்பதைத்தான் மாட் என்கிறோம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை அப்படிச் செய்தவர் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸும் செல்போன் ரிப்பேரும் பார்க்கும் சின்னக் கடை அவருடையது. கடையை அடைத்துவிட்டு மேலகரம், நன்னகரம் என்று நடந்தே போய் ஒவ்வொரு கடையாகப் படம் எடுப்பார். அதைப் பார்த்துக் கணினியில் வரைந்து தருவது என் வேலை. எடுப்பதற்கு முன், “உங்க போர்டை கேம்ல போடுதேன், உங்களுக்குச் சம்மதம்தானே?” என்று கேட்பார். அல்வாக் கடைக்காரர் ஒருவர் மாட்டேன் என்றதற்காக அந்தக் கடை இருக்கும் இடத்தில் வெறும் சுவர் வைத்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை பொய்யல்ல. அதனால்தான் பின்னால் வந்த கோபம் இத்தனை வருஷம் ஆறாமல் கிடக்கிறது.

நம் குழுவின் வழக்கத்தையும் அவர்தான் ஏற்படுத்தினார். அவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போய்ப் பதிவு செய்த ஹார்ன் சத்தத்தை யாரோ தன் பெயரில் போட்டுக்கொண்டதற்கு அப்புறம் வந்த வழக்கம் அது. ஒருவர் செய்ததை எடுக்க வேண்டுமானால் அவரிடம் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு சாரல் சீசன் முழுக்கப் பொறுக்க வேண்டும். அதற்குப் பின்னும் ஆள் அகப்படாவிட்டால், செய்தவர் பெயரையும் அனுமதி கிடைக்கவில்லை என்பதையும் மாட் திறக்கும் முகப்பில் எழுதிவிட்டு எடுக்கலாம். அவர் என்றைக்கு வந்து வேண்டாம் என்கிறாரோ அன்றைக்கே நீக்கிவிட வேண்டும். நியாயமான வழக்கம். ஹார்ன் போனபோது அவருக்கு நியாயம் தெரிந்திருந்தது.

சாலை முடிந்தது. அருவி வேண்டியிருந்தது. தேனருவி என்ற பெயரில் இணையத்தில் இருந்த ஒருவர் மெயினருவியைச் செய்து வைத்திருந்தார். அப்படியொரு தண்ணீரை நான் திரையில் பார்த்ததில்லை. பாறையில் பட்டுச் சிதறும், காற்றடித்தால் ஒருபக்கமாகச் சாயும். ‘கேட்டுவிட்டு எடுங்கள்’ என்று கீழே எழுதியிருந்தார். ஆனால் நெடுநாளாக ஆள் அந்தப் பக்கமே வரவில்லை.

ஒருநாள் அண்ணாச்சி அருவியை நம் சாலையோடு சேர்த்துவிட்டார். “கேட்டாச்சு தங்கச்சி. பதில் இல்லை. பதில் வராட்டிச் சரின்னுதான் அர்த்தம்” என்றார். என்ன கேட்டீர்கள் என்று போனை வாங்கிப் பார்த்தேன். ரோஜாப்பூப் போட்ட குட் மார்னிங் படம் ஒன்று. அதற்குக் கீழே ‘ஹாய் ப்ரோ’. அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் அதை அனுப்பியது அதற்கு முந்தின நாள்.

“அருவியைக் கேக்கவே இல்லையே அண்ணாச்சி!”

“அவன் ஹாய்னு சொன்னாத்தானே மேக்கொண்டு கேக்க முடியும்? கதவைத் தட்டுதேன், தொறக்க மாட்டேங்கான்.”

“தொறக்கலைன்னா உள்ள போயி சாமானைத் தூக்கிட்டு வந்துருவீங்களா?”

“ஏம்மா, சீசன் வந்துட்டுல்லா! அருவி இல்லாம எவன் குத்தாலத்துக்கு பஸ் ஓட்டுவான்?”

தண்ணீருக்குப் பின்னால், இடப்பக்கப் பாறையில், ‘தேனருவி’ என்று சின்னதாகச் செதுக்கியிருந்தார் செய்தவர். அதன்மேல் பாசி பூசித் தரச் சொல்லி அண்ணாச்சி என்னைக் கேட்டார். முடியாது என்றேன். அவரே பூசினார். பச்சை டிஸ்டம்பர் அடித்த மாதிரி இருந்தது. அந்தச் சீசனில்தான் நம் மாட் ஊரெல்லாம் பரவியது. முகப்பில் ஒரு பெயர்தான். சுடலைமுத்து.

மறுவருஷம் அவர் கடையில் உட்கார்ந்து, நம் சாலையில் வரும் கடைப் பலகைகளை நான் கணினியில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். மெலிந்த உடம்பு, சட்டை தொளதொளவென்று கிடந்தது.

“அண்ணாச்சி, தேனருவிங்கது நான்தான். வடகரைலருந்து வருதேன். கிட்னி ஆபரேசன் ஆயி வீட்டோட கெடந்தேன், போனைத் தொடல. இப்பதான் பாத்தேன். அருவியை வச்சுக்கிடுங்க. என் பேரை மட்டும் போட்டுருங்க.”

கடையில் நாலைந்து பேர் ஜெராக்ஸுக்கு நின்றார்கள். அண்ணாச்சி அவர்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“நீங்கதான்னு நான் எப்பிடி நம்ப? நாளைக்கு ஒருத்தன் வந்து ஐந்தருவியே நான் செஞ்சதுதான்ம்பான்.”

“இடப்பக்கப் பாறையில பேரு கெடக்கு. மேல இருக்க பாசியை எடுத்துப் பாருங்க.”

“பாசிமேல ஏறாதீங்க அண்ணாச்சி. வழுக்கிரும். இப்பதான் ஆபரேசன் பண்ணிருக்கீய” என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி.

நின்றவர்கள் சிரித்தார்கள். வந்தவரும் சிரிக்க முயன்றார், வரவில்லை. படி இறங்கிப் போய்விட்டார்.

“அது அவர்தான்னு உங்களுக்குத் தெரியும்லா?” என்று கேட்டேன்.

“தெரியும் தங்கச்சி. அதுக்காக இத்தனை பேரு முன்னாடி ஒத்துக்கிட முடியுமா?”

இந்த வாக்கியத்தைச் சொன்னவரைத்தான் நீங்கள் அடுத்தவர் உழைப்பை மதித்தவர் என்கிறீர்கள். நான் வெளியே ஓடிப்போய் வடகரைக்காரரிடம் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். குழுவிலிருந்து என் பெயரை எடுக்கவில்லை, மாட் வேலையை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் அண்ணாச்சி எனக்கும் அடிக்கடி குட் மார்னிங் படம் அனுப்பினார். நான் பதில் போடவில்லை. அதையும் சம்மதம் என்றே எடுத்திருப்பார்.

ஏன் அப்படிச் செய்தார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அல்வாக் கடைக்காரரின் மறுப்புக்குத் தலைவணங்கியவர்தானே. ஏனென்றால் நாளைக்கும் அவர் அந்தக் கடை வழியாக நடக்க வேண்டும், கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். தேனருவிக்கு முகம் இல்லை. முகத்தோடு வந்து நின்றபோதோ, பார்த்துக்கொண்டிருந்த மற்ற முகங்கள் பெரிதாகிவிட்டன. இது புரிந்ததால் என் கோபம் குறைந்துவிடவில்லை. புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு.

போன வாரம் முருகேசன் கூப்பிட்டார். விளையாட்டின் புதுப் பதிப்புக்கு ஏற்றபடி சாலையைத் திருத்தி, அண்ணாச்சியின் நினைவாக வெளியிட வேண்டுமாம். என்னால்தான் முடியுமாம். “அண்ணாச்சியே இல்லை, இனி யாருட்டக்கா கேக்க? அப்பிடியே எடுத்துக்கிடலாம்லா?” என்றார். கேட்பதற்கு அவர் மனைவி இருக்கிறார் என்றேன். கேட்டோம். “செய்ங்கம்மா” என்றார் அந்த அம்மாள். பிறகு வடகரைக்கு நானே போன் செய்தேன்.

புதுப் பதிப்பில் அருவியை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன். “முடியாதும்மா” என்றார்.

“உங்க பேரை முதல்ல போடுதோம்.”

“அன்னைக்குப் போட்டிருந்தா வாங்கிருப்பேன். அவரு நினைவுக்குச் செய்யுததுல என் தண்ணி விழ வேண்டாம்.” பிறகு, “அவரு வீட்ல எப்பிடி இருக்காவ?” என்று விசாரித்தார். சொன்னேன். நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த அஞ்சலியைப் பற்றியும் சொல்லி, அதில் அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். “அதுல எழுதுங்க” என்றார்.

முருகேசனுக்குத்தான் மனசில்லை. “தண்ணி இல்லாத குத்தாலமாக்கா? அண்ணாச்சிக்கு அசிங்கம்லா?”

“ஆமா” என்றேன்.

பாறையையும் தண்ணீரையும் நீக்கிவிட்டேன். நினைவு வெளியீட்டில் பஸ் குற்றாலம் பேருந்து நிலையத்தோடு திரும்பிவிடும். அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுவரைக்குமான சாலையை. அது அவர் நடந்து செய்தது, ஒவ்வொரு வாசலிலும் கேட்டுச் செய்தது. அதை ஓட்டும்போது அவரைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டுகிறேன், ஆனாலும் ஓட்டுகிறேன்.

நீங்கள் இத்தனை வருஷம் அண்ணாச்சியுடையது என்று கொண்டாடிய அருவியைச் செய்தவர் வடகரை மாரியப்பன்.