பதினெட்டுத் தாள் வானம்

அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா. பார்வையற்ற மாணவர்களின் பாடப் புத்தகங்களைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றித் தகட்டில் அடிப்பது அவள் வேலை. மூன்று மாதத் தற்காலிகப் பணி என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதம் ஒன்பது வருடமாக நீண்டது. பணி நிரந்தரமானபோது, அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய அம்மா படுக்கையிலேயே கிடந்து போய்ச் சேர்ந்திருந்தாள். பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் வழியை மறந்துவிட்டார்கள். வேலையில் சேர்ந்து இப்போது இருபத்தெட்டு வருடம்.

அவளுக்குக் கண் தெரியும். அதனால் பிரெயிலை விரலால் படிக்கத் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, புள்ளிகளின் நிழலைப் பார்த்துப் படிப்பாள். எதிர் மேஜையில் மெய்ப்புப் பார்க்கும் ப்ரூஃப் அண்ணன் பிறவியிலேயே பார்வையில்லாதவர். விரல் ஓட்டத்தில் பக்கத்துக்கு ஒரு பிழையாவது பிடிக்காவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது.

"கண்ணால படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா? கரண்ட் போனா நீ கைநாட்டு" என்பார்.

"சரிதான் அண்ணே. உங்களுக்குக் குளிர்காலத்துல விரல் மரத்துப்போனா நீங்களும் கைநாட்டுதான்."

ஒரு நாளைக்கு அவள் இன்னொரு மனிதரோடு பேசுவது ஏறக்குறைய இவ்வளவுதான். மாலையில் பேருந்து ஏறி ஐந்து கிலோமீட்டர் போய் இறங்கினால், பல குடித்தனங்களுக்குப் பொதுவான நீள நடையின் கடைசியில் ஒற்றை அறை. கதவைச் சாத்தினால் மறுநாள் காலையில்தான் திறப்பாள்.

ஒரு திங்கட்கிழமை மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. எட்டாம் வகுப்பு அறிவியலின் புதிய பதிப்பில் சூரியக் குடும்பம் பாடத்தை அடிக்க வேண்டாம். படங்களைச் சார்ந்த பாடம் என்பதால் பார்வையற்ற மாணவர்களுக்கு அதிலிருந்து விலக்கு. தேர்வில் அதற்குரிய மதிப்பெண் தானாகவே சேர்க்கப்படும். அடுத்த மாதக் கடைசிக்குள் தகடுகள் தயாராக வேண்டும்.

படிப்பை மறுத்துவிட்டு அதற்குச் சலுகை என்று பெயர் வைப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது அலுவலகங்களில் தாராளமாகக் கிடைக்கிறது.

அவள் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், பாடத்தையே தூக்கினா எப்படி?"

"ஏம்மா, கண்ணு தெரியாத புள்ளைங்களுக்கு வானம் எதுக்கு? சும்மா கிடைக்கிற மார்க்கை ஏன் கெடுக்கிறே?"

"நெப்டியூனை நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

"நான் எங்கே பார்த்தேன்?"

"வெறுங்கண்ணுக்கு யாருக்குமே தெரியாது. முதல்ல அது இருக்கற இடத்தைக் காகிதத்துல கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிச்சாங்க. அப்புறம்தான் தொலைநோக்கியைத் திருப்பினாங்க. கணக்குப் போடக் கண்ணு எதுக்கு சார்?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெறும்வரை எந்தக் காகிதமும் தன்மேல் பறந்து வந்து விழக் கூடாது என்று நினைப்பவர், அவ்வளவுதான். "எல்லாம் அவங்க தலையெழுத்தும்மா" என்றார்.

"இங்க எல்லா எழுத்தையும் நாமதானே சார் அடிக்கிறோம்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த சங்கடத்தில் ஒரு வாக்கும் கொடுத்துவிட்டார். "சரி, ஒரு பள்ளிக்கூடமாவது எழுத்து மூலமாக் கேக்கட்டும். அன்னிக்கே சேர்த்துடறேன். ஒருத்தனும் கேக்க மாட்டான், பாரு."

அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடத்தில் எந்தப் பள்ளியும் எதையும் கேட்டதில்லை.

அதே வாரம் ஒரு பிரெயில் கடிதம் வந்தது. எழுதியவள் ஒரு விடுதிப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி. புள்ளியக்கா விளக்கைச் சாய்த்து வைத்துப் படித்தாள்.

'அச்சகத்தாருக்கு. அறிவியல் புத்தகம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் "படம்: சூரியக் குடும்பம்" என்று இருக்கிறது. பக்கம் முழுவதும் தடவினேன். பின்பக்கமும் தடவினேன். ஒன்றும் இல்லை. அச்சகத்தார் மறந்துவிட்டார்கள் என்கிறாள் என் தோழி. அதுதான் படம் என்கிறேன் நான். விண்வெளி வெறுமையானது என்று பாடத்திலேயே இருக்கிறதே. பந்தயம் கட்டியிருக்கிறோம். தோற்றவள் ஒரு வாரம் மற்றவளின் துணிகளை மடிக்க வேண்டும். யார் சொல்வது சரி? நான் சொல்வது சரியென்றால், சூரியனாவது எங்கே?'

அவளுக்கு முகம் சுட்டது. தோழி சொன்னதுதான் சரி. மூன்று வருடத்துக்கு முன்பு அந்தப் பக்கத்தை அடித்தவள் அவளேதான். மேடான படங்கள் எடுக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. பிறகு படத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வெற்றுத்தாளைச் செருகினாள். இயந்திரத்தைப் பழுதுபார்க்க யாரும் வரவில்லை. நானூறு புத்தகங்களும் அந்த வெற்றுத்தாளோடு போயின.

'படம் விடுபட்டுவிட்டது, வருந்துகிறோம்' என்று பதிலை அடிக்கத் தொடங்கினாள். 'வருந்துகிறோம்' வரை வந்து, தாளை உருவிக் கிழித்துப் போட்டாள்.

அவளை உறுத்தியது தோழி சொன்ன உண்மையல்ல, இந்தப் பெண் சொன்ன தவறு. அது எங்கே தவறு? கண் தெரிந்த பிள்ளைகளின் புத்தகத்தில் சூரியனும் எட்டுக் கோள்களும் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன, கூட்ட நேரத்துப் பேருந்தைப் போல. அந்தப் படம்தான் பொய். வெற்றுத்தாள் அதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு சூரியன் மட்டும்தான் குறைகிறது.

சூரியனைப் பிள்ளைகளின் விரலுக்குத் தெரிந்த அளவில் வைத்தால் என்ன? ஒரு பிரெயில் புள்ளியின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர். அதுதான் சூரியன் என்றால் பூமி எங்கே வரும்?

கணக்குப் போட்டாள். புதன் ஆறு சென்டிமீட்டரில், வெள்ளி பதினொன்றரையில், பூமி பதினாறில், செவ்வாய் இருபத்து நாலரையில். தாளின் அகலம் இருபத்தெட்டு. அதாவது நாம் சண்டை போட்டு எல்லைக்கோடு கிழிக்கிற பூமியும் அதன் அக்கம்பக்கத்துக் கோள்களும் முதல் தாளிலேயே அடங்கிவிடுகின்றன. அதன்பின் வெறுமை தொடங்குகிறது. வியாழன் மூன்றாம் தாளின் விளிம்பில், சனி ஆறாம் தாளில், யுரேனஸ் பன்னிரண்டாம் தாளின் தொடக்கத்தில், நெப்டியூன் பதினெட்டாம் தாளில்.

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுத் தாள்களை ஓரம் ஓரமாக ஒட்டி அறையில் விரித்தாள். மேல் வரியில் இடது கோடியில் ஒரே ஒரு புள்ளி, அது சூரியன். அதன்பின் மேல் வரியில் எதுவும் கிடையாது. கீழ் வரியில், அந்தந்தத் தொலைவில், கோள்களின் பெயர்கள் மட்டும். கோள்களைப் புள்ளியாக வைக்க வழியில்லை. இந்த அளவில் பூமி ஒரு தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. விரலுக்கும் தட்டுப்படாது, கண்ணுக்கும் தெரியாது. இந்தப் படத்தின் முன்னால் எல்லோரும் ஒன்றுதான்.

அறையின் நீளம் மூன்றரை மீட்டர். யுரேனஸ் வரை உள்ளே அடங்கியது. நெப்டியூனுக்கு இடமில்லை. கதவைத் திறந்து நடையில் விரிக்க வேண்டியதாயிற்று. அளக்கும் நாடாவை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கேட்டு வாங்கியிருந்தாள். அது நூற்றைம்பது சென்டிமீட்டரோடு முடிந்தது. சனி அதற்கு இரண்டு விரல்கடை தள்ளி நின்றது.

தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, அதிசயமா கதவு திறந்திருக்கு? வெள்ளையடிக்கிறீங்களா?"

"இல்லம்மா, நெப்டியூன் உங்க வாசல்கிட்ட வருது. அந்தச் செருப்பைக் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா?"

"யாரு வர்றாங்க?"

விளக்கிச் சொன்னாள். தையல்காரம்மா இடுப்பில் கைவைத்துத் தாளை முன்னும் பின்னும் பார்த்தாள். "இவ்வளவு துணியை வீணாக்கிட்டு ஒரே ஒரு பட்டன் தைச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் அச்சகத்தில் நாலு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ப்ரூஃப் அண்ணனை நிறுத்தினாள். அவர் இடது கோடியில் விரலை வைத்தார்.

"ஒரு புள்ளி இருக்கு. அடுத்து?"

"அதான் சூரியன். கீழே பேரைப் படிச்சுட்டு, அங்கங்க மேலே தொட்டுப் பாருங்க."

"புதன்... மேலே ஒண்ணுமில்லையே. பூமி... மேலே ஒண்ணுமில்லை. அடிக்க மறந்துட்டியா?"

"அங்கதான் நாம இருக்கோம்ணே. அவ்வளவு சின்னது."

அவர் தாளோடு நடந்தார். விரல் வெற்றுத்தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது தாள், நாலாவது தாள், ஐந்தாவது தாள். ஆறாவதில் நின்று படித்தார். "சனி! ஏம்மா, இதுக்கா இத்தனை தூரம் நடந்தேன்? நாம தேடிப் போய்ப் பிடிக்கிறதுக்கே இந்தப் பாடு. இது எங்கேருந்து வந்து நம்மளைப் பிடிக்கும்?" வாய்விட்டுச் சிரித்தார்.

பன்னிரண்டாம் தாளைத் தாண்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. பதினெட்டாவது தாளில் நெப்டியூனைப் படித்துவிட்டு, கையை எடுக்காமலே பேசினார்.

"அம்பத்தெட்டு வயசாச்சு. வானம்னா ஏதோ கூரை மாதிரின்னு நினைச்சிட்டிருந்தேன். எல்லாரும் மேலே மேலேன்னுதானே சொல்றீங்க. இவ்வளவு தூரம்னு ஒரு பயலும் எனக்குச் சொல்லலை."

மேனேஜரும் வந்தார். ஒரு மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். மூன்றாவது தாளிலேயே கண்ணைத் திறந்துவிட்டார். "வெறும் பேப்பரை எவன்மா தடவுவான்? பள்ளிக்கூடம் கேக்கட்டும்னு சொன்னேன்ல, போய் வேலையைப் பாரு."

அவள் அந்தப் பட்டையைச் சுருட்டி விடுதி மாணவிக்கு அனுப்பினாள். பார்வையற்றோர் தபால், தபால்தலை வேண்டியதில்லை. கூடவே ஒரு கடிதம்: 'உன் தோழி சொன்னது சரி, நாங்கள் மறந்துவிட்டோம். நீ சொன்னதும் சரி. சூரியனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.' பள்ளியைக் கேட்கச் சொல் என்று எழுதலாமா என்று யோசித்தாள். எழுதவில்லை. தன் சண்டைக்கு ஒரு சிறுமியைத் தூது அனுப்ப மனம் வரவில்லை.

பதில் இல்லை. ஒரு வாரம் போயிற்று, மூன்று வாரம் போயிற்று. மற்றப் பாடங்களின் தகடுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தபால் பையை அவளே போய்க் கிளறினாள். ப்ரூஃப் அண்ணனுக்கு அது கேட்டது. ஆனால் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு பிரெயில் விடைத்தாள். அதன்மேல் தலைமையாசிரியரின் கடிதம்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கே?" என்றார்.

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். காலாண்டுத் தேர்வு, பதினான்காம் கேள்வி: சூரியக் குடும்பத்தின் படம் வரைக, பார்வையற்றோருக்கு விலக்கு உண்டு. அந்தப் பெண் விலக்கு வேண்டாம் என்று சொல்லி, பதினெட்டுத் தாள் கேட்டிருக்கிறாள். கண்காணிப்பாளர் ஒன்றுதான் கொடுத்திருக்கிறார். அதில் இடது கோடியில் ஒரு புள்ளி. கீழே, சரியான தொலைவுகளில் நாலு பெயர்கள். அடியில் ஒரு குறிப்பு: 'வியாழனுக்கு இன்னும் இரண்டு தாள் வேண்டும். கேட்டேன், தரவில்லை. ஆகையால் சூரியக் குடும்பம் செவ்வாயோடு நிற்கிறது.'

தலைமையாசிரியர் எழுதியிருந்தார்: 'இந்த விடைக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. விடைக்குறிப்பு அனுப்பவும். மாணவியிடம் உள்ள பட்டையை விடுதியில் இருபத்தாறு பிள்ளைகளும் தடவித் தடவிச் சூரியன் தேய்ந்து மட்டமாகிவிட்டது. புதியது ஒன்று வேண்டும். பாடத்தை எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.'

"கேட்டுட்டாங்க சார்" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

மேனேஜர் பேனாவை மூடினார், திறந்தார். "கேட்டுட்டானுங்களே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "பாடம் இருக்கட்டும். படம் புத்தகத்துக்கு ஒண்ணுன்னு போட முடியாது. பள்ளிக்கு ஒண்ணு, பதினோரு பள்ளிக்கும் சேர்த்துப் பதினொண்ணு. அதுக்கு மேல ஒரு தாள்கூடக் கிடையாது" என்றார்.

அந்த வாரம் ப்ரூஃப் அண்ணன் பாடத்தில் ஒரு பிழையும் பிடிக்கவில்லை. "வயசாயிடுச்சு எனக்கு" என்றார். பட்டைகளை ஒட்டும் வேலை வீட்டுக்கு வந்தது. நெப்டியூனுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அறைக் கதவு திறந்தே கிடந்தது. தையல்காரம்மா கேட்காமலே செருப்பை நகர்த்தி வைத்தாள். ஒருமுறை தாளின் அந்தக் கோடியைப் பிடித்துக்கொண்டாள். பதினொன்றும் முடிந்தபின் கதவு பழையபடி சாத்திக்கொண்டது.

பட்டைகள் போய்ச் சேர்ந்தபின் அந்தப் பெண்ணின் கடிதம் வந்தது. பந்தயத்தில் இருவரும் ஜெயித்ததாக முடிவாகி, நாலு நாள் அவளும் மூன்று நாள் தோழியும் துணி மடித்தார்களாம். கடைசியில் ஒரு கேள்வி: 'நெப்டியூனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் அடுத்த புள்ளி எங்கே வரும்? அடுத்த சூரியன்?'

அன்று மாலை எல்லோரும் போனபின் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மிக அருகிலுள்ள விண்மீனின் ஒளி இங்கே வர நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைக் கிலோமீட்டராக்கி, ஒன்றரை மில்லிமீட்டர்ச் சூரியனின் கணக்குக்குச் சுருக்கினாள். நாற்பத்து மூன்று கிலோமீட்டர். சந்தேகப்பட்டு மறுபடி போட்டாள். அதேதான்.

பதில் அடித்தாள். 'அடுத்த புள்ளி நாற்பத்து மூன்று கிலோமீட்டரில் வரும். நடுவில் எல்லாம் வெற்றுத்தாள். உங்கள் விடுதி வாசலில் சூரியனை வைத்தால், முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் எங்கள் அச்சகம். அதைத் தாண்டி இன்னும் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும்.'

அச்சகத்தைத் தாண்டி ஐந்தாவது கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தினமும் மாலையில் இறங்குகிற நிறுத்தம். அதிலிருந்து சில அடி நடந்தால் அந்த நடை, கடைசியில் அந்த ஒற்றை அறை. அதை எழுதவில்லை.

கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். சாய்ந்திருந்த விளக்கை நிமிர்த்தி அணைத்துவிட்டுப் பேருந்துக்குப் போனாள்.