உள்ளே மட்டும் தாழ்ப்பாள்

பள்ளிக்கூடம் விட்டதும் இந்த அம்மா வாசலில் நின்று, வெளியே போகிற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைக் குலுக்கிப் பார்ப்பார். நிறைந்திருந்தால், "காலையில கொண்டுவந்ததை அப்படியே தூக்கிட்டுப் போறியே, பாட்டிலுக்குப் பள்ளிக்கூடம் சுத்திக் காட்டினியா?" என்பார். பிள்ளைகள் வைத்த பெயர் குலுக்கல் டீச்சர். பாடம் எடுப்பதில்லை. பிள்ளைகளின் மனக்கஷ்டம் கேட்கப் பள்ளி வைத்திருக்கும் ஆலோசகர்.

நான் ஐந்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். கலவை சுமந்து தொடங்கினேன். இன்று இந்தப் பள்ளியின் மூன்று மாடியும் நான் கட்டியது. நான் வைத்த குழாய் ஒழுகியதென்று எவனாவது சொல்லட்டும், பார்ப்போம். அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு கழிப்பறைக்காக அலைக்கழித்த அம்மா இவர்.

இவர் அறைக்குள் போனால் கேள்வி கிடையாது. சிக்கு விழுந்த விளையாட்டு வலையைக் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்வார். எனக்கும் ஒன்று கிடைத்தது. "சும்மா உட்கார்ந்து பேசுறது கஷ்டம்ங்க ஐயா. பையனைப் பிடிச்ச பையன், பொண்ணைப் பிடிச்ச பொண்ணு, எல்லாரும் வருவாங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

விஷயம் இதுதான். ஒரு பிள்ளை, பதிவேட்டில் பையன், மனசுக்குள் பெண். பையன்கள் கழிப்பறையில் கேலியும் அடியும். பெண்கள் பக்கம் விடமாட்டார்கள். அதற்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல், நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டது. உடம்பு தேறியும், படிப்பே வேண்டாம் என்று அழுகிறதாம்.

"எந்தப் பிள்ளைம்மா?" என்றேன்.

"தெரிஞ்சா குழாயை வேற மாதிரி போடுவீங்களா?"

தலைமையாசிரியர் நல்ல மனுஷன்தான். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே, ஆசிரியர் கழிப்பறைச் சாவியை அலுவலகத்தில் வைத்து, அந்தப் பிள்ளை கேட்டால் கொடுக்கச் சொன்னார். பிள்ளை வந்து கேட்டது. கட்டணம் கட்ட வந்த கூட்டத்துக்கு நடுவே, "உனக்கு எதுக்கு அந்தச் சாவி?" என்றார் குமாஸ்தா. மறுநாள் முதல் பிள்ளை வரவில்லை. டீச்சர் நேரே தலைமையாசிரியரிடம் போனார். "சார், ஒரு வாரம் நீங்களும் ஒவ்வொரு தடவையும் என்கிட்ட சாவி கேட்டு வாங்கிட்டுப் போங்க."

அதற்கப்புறம்தான் எனக்கு ஆள் வந்தது. உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த மாடிப்படிக்குக் கீழே, வரிசையாகத் தனித்தனிக் கழிப்பறைகள் கட்டச் சொன்னார். கூரைவரை சுவர். கதவில் ஆண் படமோ பெண் படமோ இல்லை, வெளியே பூட்டும் இல்லை. உள்ளே மட்டும் தாழ்ப்பாள். "இன்னாருக்குன்னு என் செலவுல பித்தளையில போர்டு மாட்டுறேன்" என்றேன்.

"மாட்டினா அந்தப் பக்கம் யாரு வருவா? எல்லாரும் போகணும் ஐயா. டீச்சருங்க போகணும், நீங்களும் போகணும்."

"நானா?"

"ஏன், உங்களுக்கு வராதா?"

என்னை இப்படிப் பேசிவிட்டு நின்ற ஆள் கிடையாது. இவர் நின்றார், சிரித்துக்கொண்டே.

திறப்பு நாளன்று தலைமையாசிரியர் ரிப்பன் கட்டியிருந்தார். நான் புதுச்சட்டையில் போயிருந்தேன். அந்தப் பிள்ளையும் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார் டீச்சர். தேடினேன், எல்லாம் ஒரே மாதிரி சீருடை. "இது யாருக்குடா?" என்று கூட்டத்தில் குசுகுசுப்பு. முதலில் யார் போகப்போகிறார்கள் என்று எல்லாக் கண்ணும் கதவுமேல்.

தலைமையாசிரியர் மைக்கைத் தட்டினார். "சார், ஒரு நிமிஷம், அவசரம்" என்று ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போய், ஊருக்கே கேட்கிற மாதிரி தாழ்ப்பாள் போட்டார் டீச்சர். பையன்களும் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியே வந்து, "ஐயா, அடுத்தது நீங்க" என்றார். போனேன். நான் திரும்பி வருவதற்குள் ரிப்பன் அறுந்து கிடந்தது. கணக்கு வாத்தியார், பெண்கள், பையன்கள் என்று எல்லாக் கதவுக்கும் வரிசை. அதில் அந்தப் பிள்ளை எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் ஒரு கதவைக் காலால் பிடித்துக்கொண்டு, வருகிற போகிற எந்த முகத்தையும் பார்க்காமல், ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.