மான் கமராவும் மணக்காத மனிதரும்

கடையில் நின்று சாமான் விற்றுப் பிழைப்பவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும். ஒஸ்லோவில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் நான் காட்டுக் கமரா விற்றேன். மரத்தில் கட்டிவிட்டு வந்தால், எந்த வழியால் மான் போகிறது என்று அதுவே படம் பிடித்து வைக்கும். வாங்கியவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், அந்தப் பக்கம் போகாமல் இருப்பது. அதுதான் எங்கள் தமிழ் ஆட்களால் முடியாத காரியம். நானோ தற்காலிக வேலைக்காரன். "இனி ஒரு கமரா திரும்பி வந்தாலும் நீயும் அதோடு போகலாம்" என்று முதலாளி அம்மா இங்கர் சொல்லிவிட்டார்.

நலம் விசாரித்தவர்

வெஸ்ட்லியில் இருக்கும் நவம் அண்ணை பஸ் ஓட்டுபவர், புதிதாக வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணியவர். "படத்தில மான் ஒண்டும் விழேல்லைத் தம்பி" என்று கமராவோடு வந்து நின்றார். கடைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அண்ணைதான். குனிந்து பார்க்கிற அண்ணை, தேத்தண்ணிப் போத்தலோடு அண்ணை, லென்ஸைத் துடைக்கிற அண்ணை. கமரா வேலை செய்கிறதா என்று தினமும் போய்ப் பார்த்திருக்கிறார்.

"நீங்கள் போனால் மான் எப்பிடி அண்ணை வரும்?" என்றேன். அவர் காதில் விழவில்லை. படங்களையே ரசித்துக்கொண்டிருந்தவர், "இதில ஒண்டு நல்லா வந்திருக்கு, பாஸ்போட்டுக்குக் காணுமோ?" என்று கேட்டார்.

ஒரு சொல்லால் வந்த வினை

கார்த்திக் தமிழ்நாட்டுக்காரர், லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் கணினிப் பொறியாளர். மானுக்கு மூக்கு கூர்மை என்பதால், "மணக்காமல் போங்கோ" என்று அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். யாழ்ப்பாணத்தானான எனக்கு வியர்வையும் மணக்கும். அவர் ஊரில் மல்லிகைதான் மணக்குமாம்.

மான் வரவில்லை என்று கார்த்திக் வந்தார். அவர் மேசையை நெருங்க, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் நழுவிவிட்டார்கள். சோப்பு, பவுடர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய் வந்திருக்கிறார். மணமில்லாத சோப்பு ஒன்றை என் கைக்காசில் வாங்கிக் கொடுத்து, கமராவையும் திரும்ப அவர் கையிலேயே திணித்தேன். வாசல்வரை போனவர் திரும்பி, "நாத்தம் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!" என்றார்.

மான் வந்தது

கமராவைத் திரும்பக் கொண்டுபோய்க் கட்டிய நவம் அண்ணைக்கு வேலை கூடியதால் காட்டுப் பக்கம் போக நேரமில்லாமல் போனது. மான் வந்துவிட்டது. அண்ணையும் கமராவோடு கடைக்கு வந்துவிட்டார், அதுவும் இங்கர் என் பக்கத்தில் நிற்கும்போது.

படத்தில் ஒரு தாய் மான், அதன் காலடியில் குட்டி. இரண்டும் நேரே எங்களைப் பார்த்தன. எனக்கே மனம் இளகிவிட்டது. "மான்தான் வந்திட்டுதே, பிறகேன் திருப்பித் தாறியள்?" என்று கெஞ்சினேன்.

"முகத்தைப் பாத்தாப் பிறகு எப்பிடித் தம்பி சுடுறது? கமராவை நீங்கள் வைச்சிருங்கோ, படத்தை மட்டும் தாங்கோ."

இங்கரும் அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கியதால் என் வேலை தப்பியது, இப்போது தூண்டில் பகுதியில் நிற்கிறேன், இதுவரை எந்த மீனும் முகத்தைக் காட்டி யாருடைய மனத்தையும் மாற்றவில்லை.