இடைவேளையோடு எழுந்து போனவள்

எங்கள் குழுவில் மூன்றே விதிகள். விமர்சனம் ஆறு சொல்லைத் தாண்டக் கூடாது. அதில் ஒரு சிலேடையாவது இருக்க வேண்டும். படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். முதல் இரண்டு விதிகளையும் நான் ஒருநாளும் மீறியதில்லை. மூன்றாவதை ஆறு வருடங்களாக விடாமல் மீறிக்கொண்டிருந்தேன்.

குழு என்றால் செல்போனில்தான். நாற்பது பேர் இருப்போம். எல்லோரும் சினிமாப் பைத்தியங்கள், பெரும்பாலும் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள். ஆரம்பித்தவர் மணமேல்குடிக்காரர், வளைகுடாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருக்கிறார். புதுப்படம் அங்கே ஒருநாள் முன்னதாகவே வந்துவிடும் என்பதால் முதல் விமர்சனம் எப்போதும் அவருடையதுதான். மீனவர் கதை ஒன்றுக்கு அவர் எழுதியது: ‘படகு ஓடுது. படம் ஓடாது.’ யாரோ அனுப்பி அது என் கைக்கு வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே குழுவில் சேர்ந்துவிட்டேன்.

நான் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். வீடு கீரமங்கலத்தில். ஆபீசில் என்னிடம் வருகிறவர்கள் டிசி கேட்பார்கள், ஊரில் வருகிறவர்கள் பால் கேட்பார்கள். நான் ஒரு வரி சொன்னால் நாலு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்பது அந்தக் குழுவுக்கு மட்டும்தான் தெரியும். துப்பாக்கிப் படம் ஒன்றுக்கு, ‘எல்லோரும் சுடுகிறார்கள். கதையையும் சுட்டிருக்கிறார்கள்’ என்று எழுதினேன். அதைத் தன் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டியதாக ஒருவர் சொன்னார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தியேட்டரில் இரண்டரை மணிக்கு மேட்னி. நாலு மணிக்கு இடைவேளை விடும்போது நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். ஐந்தரைக்கு மாடு கறந்து, ஆறேகாலுக்குள் பால் சொசைட்டியில் ஊற்றியாக வேண்டும். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். போனால் பத்து நாள். என் மாடோ அவர் வீட்டில் இருந்தாலும் அவரை அண்ட விடாது. ஆக, ஆறு வருடங்களில் நான் பார்த்ததெல்லாம் முதல் பாதிகள்தான். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிற அண்ணன் என்னைக் கண்டதும், “அரை டிக்கெட் வந்துருச்சு” என்பார்.

இரண்டாம் பாதியைப் பஸ்ஸில் வரும்போது நானே யோசித்துக்கொள்வேன். கோர்ட்டுப் படம் ஒன்றுக்கு, ‘முதல் பாதி வாதம். மறுபாதி முடக்குவாதம்’ என்று எழுதினேன். பார்க்காத பாதிக்குத்தான் பாராட்டு அதிகம் வந்தது. என் ஊகம் பிசகியதே இல்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, நம் இயக்குநர்களின் கருணை. எழுதியதை உடனே அனுப்பவும் மாட்டேன். படம் முடிகிற நேரம்வரை காத்திருந்து, மாட்டுக்குத் தவிடும் தண்ணியும் வைத்துவிட்டு, நல்லபிள்ளையாக அனுப்புவேன்.

போன வருடம் ஒரு படம் வந்தது. முதல் பாதி முழுக்க நாயகன் வாயே திறக்கவில்லை. கொட்டாவி விடத் திறந்ததோடு சரி. ‘நாயகனுக்கு வாயில்லை. படத்துக்கு வாய்ப்பில்லை’ என்று எழுதி, வழக்கமான நேரத்தில் அனுப்பிவிட்டு, சிரிக்கிற முகங்கள் செல்போனில் வந்து விழும் என்று காத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. பத்து நிமிடம் கழித்து, கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அக்கா, நாம ஒரே படத்தத்தான் பாத்தோமா?”

அடுத்து மணமேல்குடிக்காரர். “கடைசி இருவது நிமிஷம் அவன் மட்டுந்தானேக்கா பேசுறான்? இங்க தியேட்டரே அழுதுச்சே.”

தூங்கிவிட்டேன் என்று எழுதினேன். அழித்தேன். கரண்ட் போய்விட்டது என்று எழுதினேன். அதையும் அழித்தேன். அவர்கள் என்னை நம்பிவிடுவார்கள் என்பதுதான் என்னைக் குத்தியது. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். மாடு கறக்க வேண்டும், ஆறு வருடங்களாக இடைவேளையோடு எழுந்து போகிறேன், ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை, மன்னித்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் நான் குழுவிலிருந்து நீக்கப்பட்டதாகச் செல்போன் சொன்னது.

தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன். செல்போன் குழுவுக்காகவா இந்த வயதில் அழுகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு டிசி எழுதித் தருகிறவளுக்கு டிசி கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு வரி தோன்றியது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

மறுநாள் சாயங்காலம் வாளியோடு உட்காரும்போது போன் அடித்தது. நம்பர் வெளிநாட்டு நம்பர். மணமேல்குடிக்காரர் குரலை முதல்முறையாகக் கேட்கிறேன்.

“அக்கா, சலாம். ரூலு நான் போட்டது. நானே மீறுனா நல்லாருக்காது. அதான் தூக்குனேன். கோவமா?”

“கோவமெல்லாம் இல்லங்க தம்பி. எம்மேலதான் தப்பு.”

“அது கெடக்கட்டும். படம் பாதியில நிக்கிதுல்ல, மீதிய நான் சொல்லட்டா?”

“மாடு கறந்துக்கிட்டு இருக்கேனே.”

“கறங்க. நானும் வண்டியிலதான் உக்காந்திருக்கேன். மொதலாளி வர ஒரு மணி நேரமாகும்.”

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தீவனத் தொட்டியின் மேல் வைத்தேன். அவர் சொல்லத் தொடங்கினார். கதைச் சுருக்கம் இல்லை, படமேதான். யார் எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், எங்கே இசை நின்றது, அந்த நாயகன் வாயைத் திறப்பதற்கு முன் எத்தனை முறை எச்சில் விழுங்கினான் எல்லாம் சொன்னார். டியூட்டி இருந்து படத்துக்கு வர முடியாத அறைத் தோழர்களுக்கு இப்படிச் சொல்லிச் சொல்லிப் பழக்கமாம். அந்த இருபது நிமிட வசனத்தை அவர் பேசி முடித்தபோது பால் வாளி நிறைந்திருந்தது.

“இப்ப நீங்க முழுசாப் பாத்தாச்சு. சேத்துவிடுறேன். ஒழுங்கா எழுதுங்க” என்றார்.

எழுதினேன்: ‘அவன் வாய் திறந்தான். நாங்கள் வாயடைத்தோம்.’ சிரிக்கிற முகங்கள் வந்து விழுந்தன. அந்தச் சாயங்காலத்துக்கு நான் அவருக்குச் சரியாக நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை ஐந்தரைக்கு அவர் கூப்பிடுவார், நான் கறப்பேன், இரண்டாம் பாதி ஓடும். நாளடைவில் என் மாடும் ரசிகையாகிவிட்டது. சனிக்கிழமைகளில் அவர் குரல் கேட்டால்தான் பால் சுரந்தது. சண்டைக் காட்சிக்குக் காதை ஆட்டும். அவர் கூப்பிடத் தாமதமானால் காலை உதறும்.

இதைக் குழுவில் சொன்னேன். நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன், பூக்கடைத் தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். “அக்கா ஒரு படத்தையாச்சும் தியேட்டர்ல முழுசாப் பாக்கணும். நான் வந்து கறக்குறேன். மாடு வளத்த வீட்டுப் புள்ளதான் நானும்” என்றார். இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருப்பவரை அதுவரை நேரில் பார்த்ததில்லை. மூன்று நாள் மனைவியோடு வந்து ஒத்திகை பார்த்தார். மாடு வேற்று ஆளை உதைக்காமல் இருக்க, கறக்கிறவரின் பழைய துணியைப் போர்த்திக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். என் பழைய சேலையை முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியும் ஓர் உதை விழுந்தது. “வாசம் சரியா இருக்கு, குரல்தான் சரியில்ல” என்று கணவரின் முழங்காலைத் தடவிக்கொண்டே கண்டுபிடித்தவர் அவர் மனைவி. குரலுக்கு வளைகுடாவில் ஏற்பாடு ஆயிற்று.

அந்தச் சனிக்கிழமை இடைவேளை விட்டது. எல்லோரும் பப்ஸ் வாங்கப் போனார்கள். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி சீட்டிலேயே இருந்தேன். டிக்கெட் கிழிக்கிற அண்ணன் உள்ளே வந்து பார்த்தார்.

“என்னம்மா, பஸ்ஸ விட்டுட்டியா?”

“ஆமாண்ணே. இன்னைக்கி வேணும்னே விட்டேன்.”

விளக்கு அணைந்து படம் மறுபடி தொடங்கியது. அன்றைய படம் நீளம். ஐந்தரை மணிக்குப் போன் அதிர்ந்தது. பூக்கடைத் தம்பியின் மனைவி எடுத்து அனுப்பிய போட்டோ. என் சேலை முக்காட்டில் அவர் புதுப்பெண் மாதிரி தலை குனிந்து கறந்துகொண்டிருக்கிறார். தொட்டியின் மேல் போன். மாடு அசையாமல் நிற்கிறது. கூடவே ஒரு சின்ன ஒலிப்பதிவு. காதில் வைத்துக் கேட்டேன். “இப்ப மழ ஊத்துது, அவ கொடையில்லாம ஓடி வாரா…” என்று மணமேல்குடிக் குரல் என் மாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தேன். திரையில் அந்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சிரித்தேன், அழுதேன், பக்கத்துச் சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

படம் சுமார்தான். பஸ்ஸில் குழுவுக்கு எழுதினேன்: ‘நான் படம் பார்த்தேன். நீங்கள் மாட்டைப் பார்த்தீர்கள்.’ எண்ணிப் பார்த்தேன், சரியாக ஆறு சொல்.

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கணவனும் மனைவியும் தொழுவத்து வாசலில் எனக்காகக் காத்திருந்தார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் சொல்லவிடவில்லை.

“அதெல்லாம் இருக்கட்டும்க்கா. எங்களுக்குப் பின்பாதிதான் தெரியும். மொதப் பாதியில என்ன ஆச்சு?”

பையை இறக்கி வைத்துவிட்டு, பால் கறக்கிற மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் காட்சியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.